ஈரமானி 94 காட்டியது, முட்டைகள் ஒடுங்கின: சாரைப்பாம்பு முட்டைகளோடு 57 நாள்

வைகாசி கடைசி. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தேங்காய் நார் மில்லில், பல வருஷமாகக் கிடந்த மட்டைக் குவியலை ஜேசிபி வைத்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். காலை பத்தரைக்கு எனக்குப் போன் வந்தது. பேசியது ஜேசிபி ஓட்டிய பையன்.

"அண்ணா, பாம்பு ஒண்ணு ஓடிருச்சுங்ணா. அது கிடந்த எடத்துல கோழி முட்டையாட்ட இருக்குதுங்ணா. நெறைய இருக்குது."

போய்ப் பார்த்தபோது குவியலின் அடிப்பகுதியில், நார் மக்கிக் கறுத்துப்போன இடத்தில், உள்ளங்கையளவு பொந்து ஒன்று வாய் பிளந்து கிடந்தது. உள்ளே 13 முட்டைகள். இரண்டு நசுங்கிவிட்டன. மீதி 11. ஆறு ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கொத்து, மூன்று ஒரு கொத்து, இரண்டு மட்டும் தனியாக. விரலால் தொட்டால் தோல் பையைத் தொடுவது போல இருந்தது. கோழி முட்டையின் ஓட்டுக்கு இருக்கும் அந்த 'டக்' சத்தம் இதில் வராது.

ஓடியது சாரை என்று அங்கிருந்த எல்லாரும் சொன்னார்கள். நீளம், நிறம், ஓடிய வேகம் மூன்றும் பொருந்தின. ஆனாலும் முட்டையைப் பார்த்து மட்டும் இன்ன பாம்பு என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் பொரிந்து முகம் பார்க்கும்வரை நல்லபாம்புக்கு என்ன பாதுகாப்போ அதையே இதற்கும் கடைப்பிடித்தேன்: பூட்டுப் போட்ட பெட்டி, குழந்தைகள் நுழையாத அறை. சாரையும் நல்லதும் பிணையும் என்று நம்புகிறவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். வரப்பில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழும்பி நிற்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் சண்டை. அதைச் சொல்லிவிட்டுத்தான் முட்டைகளில் கை வைத்தேன்.

முதலில் ஒன்று. பாம்பைப் போலவே பாம்பு முட்டையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. கிடைத்த முட்டையை வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் பொரிக்கவைப்பது குற்றம். முட்டைக்கும் அது நல்லதில்லை. கண்ட இடத்திலேயே மூடிவிட்டு விலகுவதுதான் எப்போதும் முதல் வழி. இங்கே அந்த வழி இல்லை. பாதிக் குவியல் லாரியில் ஏறிவிட்டது, மீதி சாயங்காலத்துக்குள் போய்விடும், பொந்தின்மேல் வெயில் நேராக அடித்தது. வனத்துறையிடம் பேசி, அவர்கள் வந்து பார்த்து, பொரித்ததும் அதே வட்டாரத்தில் விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுத்த பிறகே எடுத்தேன்.

எடுக்கும்போது ஒவ்வொரு முட்டையின் மேல்புறத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். கோழி தன் முட்டையைப் புரட்டிப் புரட்டி அடைகாக்கும். ஆமை போன்ற ஊர்வனவற்றின் முட்டையில் கதையே வேறு. முட்டையிட்ட கொஞ்ச நேரத்துக்குள் கரு மேல்பக்கச் சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது, அதன் பிறகு தலைகீழாகப் புரட்டினால் கரு செத்துப்போகலாம். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டைகளை ராத்திரியோடு ராத்திரியாகப் பொரிப்பகத்துக்கு மாற்றிவிடுவதும் இதற்காகத்தான். கொத்தாக ஒட்டியிருந்தவற்றைப் பிரிக்கவில்லை. பிரித்தால் தோல் கிழியும்.

இருட்டறையில் டார்ச்சை ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். 11 முட்டைகளிலும் உள்ளே இளஞ்சிவப்பு ஒளி, அதில் மெல்லிய ரத்த நரம்புகள். எல்லாமே உயிருள்ளவை. இட்டு எத்தனை நாளாகியிருந்தது என்பது தெரியாததால், இந்தக் குறிப்பில் வரும் நாள் கணக்கெல்லாம் எடுத்த நாளிலிருந்து.

ஏற்பாடு இப்படி: மீன் மார்க்கெட்டில் வாங்கிய தெர்மோகோல் பெட்டி, அதன் மூலையில் தண்ணீர் ஜாடி, ஜாடிக்குள் மீன்தொட்டி ஹீட்டர். நடுவில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் படுகை, படுகையில் பாதி புதைந்தபடி முட்டைகள். ஆனியில் பொள்ளாச்சி இரவு குளிரும், ஆனால் இந்த ஏற்பாட்டில் வெப்பம் 28-க்கும் 29-க்கும் இடையே நின்றது. வெப்பத்தில் கடைசிவரை ஒரு சிக்கலும் வரவில்லை.

சிக்கல் ஈரத்தில் வந்தது.

படுகைக்கு அதே மில் களத்திலிருந்து ஒரு பை பித், அதாவது மட்டையிலிருந்து நார் பிரிக்கும்போது உதிரும் தூள், அள்ளி வந்திருந்தேன். தண்ணீர் பிடித்துவைக்கும், லேசாக இருக்கும், முட்டைகளே நார்க் குவியலுக்குள்தானே கிடந்தன என்பது என் கணக்கு. பூஞ்சணத்துக்குப் பயந்து தண்ணீரில் கஞ்சத்தனம் காட்டினேன். கையில் அள்ளி இறுக்கி அழுத்தினால் ஒரு சொட்டுகூட விழாத பதம். டப்பாவுக்குள், காற்றின் ஈரத்தை அளக்கும் டிஜிட்டல் ஈரமானி ஒன்றின் முனையை விட்டு மூடினேன். மறுநாள் காலை 94 சதவீதம். மனசுக்கு நிம்மதி.

தனியாக இருந்த இரண்டு முட்டைகளையும் நகைக்கடைத் தராசில் எடைபோட்டு நோட்டில் எழுதும் வழக்கம் மட்டும் வைத்திருந்தேன். டப்பாவையும் முழுசாகச் சமையல் தராசில் வைத்தேன். அந்த நோட்டில் இருந்தவை இவை, கிராம் கணக்கில்:

எடுத்த நாள்: 24.1, 23.6. டப்பா 1,642.
4-ஆம் நாள்: 23.5, 22.9.
8-ஆம் நாள்: 22.7, 22.0. டப்பா 1,637.

நாலாம் நாள் குறைந்ததைத் தராசின் பிழை என்று நினைத்துக்கொண்டேன். எட்டாம் நாள் மூடியைத் திறந்தபோது பெரிய கொத்தில் மேலே இருந்த நாலு முட்டைகளில் ஒடுக்கு விழுந்திருந்தது, கீழே போட்ட அலுமினியப் பாத்திரத்தில் விழுமே அந்த மாதிரி. ஈரமானி அப்போதும் 94.

அங்கே நான் செய்ததுதான் இந்த நிகழ்வில் செய்யக்கூடாத காரியம். தண்ணீர் போதவில்லை என்று புரிந்தது, ஆனால் எங்கே போதவில்லை என்று யோசிக்கவில்லை. ஸ்பிரே பாட்டிலை எடுத்து முட்டைகளின்மேலும் மூடியின் உட்புறத்திலும் நன்றாக அடித்தேன். ஈரமானி 99-க்குப் போனது. இரண்டு நாள் கழித்து, கொத்தின் நடுவே மூன்று முட்டைகள் சேரும் பள்ளத்தில் ஒரு கரண்டி தண்ணீர் தேங்கி நின்றது. அந்தப் பள்ளத்தை ஒட்டிய முட்டையில் ஒரு பக்கம் கண்ணாடி போல மங்கி, ஈரக் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. டார்ச் அடித்தேன். நரம்புகள் கலைந்து, ஒரு சிவப்பு வளையம் மட்டும் மிச்சம். அது செத்துவிட்டது. முட்டைத் தோல் வழியாகத் தண்ணீர் போவது மாதிரியே காற்றும் போகவேண்டும். ஏற்கெனவே தளர்ந்திருந்த முட்டையின்மேல் தண்ணீர்ப் படலம் உட்கார்ந்தால் உள்ளே இருப்பதற்கு மூச்சு முட்டும்.

ஒடுக்கு விழுந்த மற்றவை அப்படியேதான் இருந்தன. மேலே அவ்வளவு தண்ணீர் அடித்தும் தனி முட்டைகள் இரண்டும் 22.5, 21.9 என்று இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தன.

அன்று ராத்திரி நோட்டைத் திரும்பப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. எட்டு நாளில் ஒரு முட்டை ஏறக்குறைய ஒன்றரை கிராம் இழந்திருக்கிறது. 11 முட்டைக்கும் அதே கணக்கென்றால் பதினாறு, பதினேழு கிராம். ஆனால் டப்பா மொத்தமும் சேர்ந்து இழந்தது ஐந்தே கிராம். அப்படியானால் மிச்சத் தண்ணீர் டப்பாவை விட்டு வெளியே போகவில்லை. முட்டையிலிருந்து கிளம்பி டப்பாவுக்குள்ளேயே எங்கோ இருக்கிறது. காற்று அவ்வளவைப் பிடித்துவைக்காது. மீதி இருப்பது பித் மட்டும்தான். முட்டைக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டிய படுகை முட்டையிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

ஏன் என்பதற்கான பதில் மில் களத்தில் கிடைத்தது. காலையில் போய்ச் சொன்னதும், பித் காயவைக்கும் அக்கா ஒருவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"தம்பி, களத்துப் பித்தையா போட்டீங்க? அதக் கழுவாமச் செடிக்கே போட மாட்டமுங்களே. கத்திரி நாத்து ரண்டே நாள்ல கருகிப் போயிருமுங்க. அம்புட்டும் உப்புங்க."

தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் இருக்கின்றன. நார் பிரித்தபின் அவை பித்தில் தங்கிவிடும். அதனால்தான் பித்தை 'ஹை இசி', 'லோ இசி' என்று இரண்டாகப் பிரித்து விற்கிறார்கள். இசி என்பது மின்சாரத்தைக் கடத்தும் அளவு, உப்பு கூடினால் அதுவும் கூடும். நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி உப்பை இறக்கியது லோ இசி, மீட்டரில் அரைக்கும் கீழே வரவேண்டும். நான் எடுத்துவந்த பையிலிருந்து ஒரு பிடியைக் கரைத்து, மில்லில் இருந்த பேனா மாதிரியான மீட்டரை விட்டுப் பார்த்தார்கள். மூன்றைத் தாண்டியது. அதுவும் நிறையத் தண்ணீரில் கரைத்தபின். நான் வைத்திருந்த பாதி காய்ந்த பதத்தில், அதே உப்பு கொஞ்சத் தண்ணீருக்குள் அடர்ந்து இருந்திருக்கும். மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டுப் பிசிறினால் கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் விடுமே, அதே வேலைதான் முட்டைத் தோலுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது.

சரி, ஈரமானி ஏன் இதைக் காட்டவில்லை? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் முட்டைகளை இழக்கிற பலர் கடைசிவரை ஈரமானியைப் பார்த்துக்கொண்டே இழக்கிறார்கள்.

மூடிய டப்பாவுக்குள், நன்றாக நனைந்த படுகைக்கு மேலே இருக்கும் காற்றில் ஈரப்பதம் கிட்டத்தட்ட 100. முட்டையிலிருந்து தண்ணீரைப் பிடுங்குகிற அளவுக்கு உப்பேறிக் காய்ந்த படுகைக்கு மேலே இருக்கும் காற்றிலும் அது 99-ஐ ஒட்டித்தான் இருக்கும். முட்டைக்குள் இருக்கும் திரவத்திலும் உப்பும் புரதமும் இருப்பதால், அதன் சமநிலையும் அந்த 99-க்கும் 100-க்கும் நடுவேதான் விழுகிறது. ஆக, தண்ணீர் உள்ளே போகுமா வெளியே வருமா என்பது அந்த ஒரு சதவீதத்துக்குள் முடிவாகிவிடுகிறது. கடையில் கிடைக்கும் ஈரமானிகளுக்கு இரண்டு மூன்று சதவீதம் முன்பின் இருப்பது சாதாரணம், அதுவும் 90-க்கு மேலே அவை இன்னும் தடுமாறும். எனக்கு 94 என்று காட்டியது அந்தத் தடுமாற்றம்தான். அதை வைத்து முட்டையின் தாகத்தை அறிய முடியாது. படுகையில் எடைக்கு எடை எவ்வளவு தண்ணீர், அதில் எவ்வளவு உப்பு, முட்டை கனக்கிறதா இளைக்கிறதா, இந்த மூன்றும்தான் பேசும்.

பல்லி முட்டையையும் ஓணான் முட்டையையும் பார்த்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். சுவர்ப் பல்லியின் முட்டை சுண்ணாம்பு ஓடு போட்டது. ஜன்னல் இடுக்கிலும் படச் சட்டத்துக்குப் பின்னாலும் காய்ந்த மூலையில் கிடந்தே பொரிந்துவிடும், தனக்கு வேண்டிய தண்ணீரை அது கையோடு கொண்டுவந்திருக்கிறது. ஓணான் மழை பெய்த மண்ணாகப் பார்த்துக் குழி பறித்து இடும். அதன் முட்டை தோல் முட்டை, மண்ணிலிருந்து தண்ணீர் குடித்து ஊதிப் பெருக்கும். பாம்பு முட்டையும் இந்த இரண்டாவது வகை. மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடப்பதில் சூடு காப்பதோடு, காய்ந்துபோகாமல் காப்பதும் ஒரு பங்கு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி பேக்கார்டும் மேரி பேக்கார்டும் ஆமை முட்டைகளை வெவ்வேறு அளவு நனைத்த வெர்மிகுலைட்டில் (தண்ணீரைப் பிடித்துவைக்கும் லேசான கனிமத் துகள்) வைத்துப் பல வருஷம் சோதித்தார்கள். ஈரம் கூடிய படுகையில் இருந்தவை பொரிய அதிக நாள் எடுத்தன, மஞ்சள் கருவை அதிகம் பயன்படுத்தின, பெரிய குஞ்சுகளாக வெளியே வந்தன. முட்டை குடிக்கும் தண்ணீர் குஞ்சின் உடம்பாகவே மாறுகிறது.

பதினோராம் நாளே படுகையை மாற்றினேன். செடிக் கடையில் வெர்மிகுலைட் வாங்கி, 300 கிராமுக்கு 300 மில்லி தண்ணீர், எடைக்கு எடை. குடிநீர்க் கேன் தண்ணீர்தான், எங்கள் போர்த் தண்ணீரும் உப்பு என்பதால். முட்டைகளைப் பென்சில் கோடு மேலே இருக்கும்படி, கொத்து கலையாமல் நகர்த்தினேன். செத்த முட்டை கொத்தோடு ஒட்டியிருந்ததால் பிய்க்காமல் விட்டுவிட்டு, அதன்மேல் வந்த பூஞ்சணத்தைத் தினமும் காய்ந்த பஞ்சால் துடைத்தேன். அது பக்கத்து முட்டைகளுக்குப் பரவவில்லை. மூடியிலிருந்து சொட்டு விழாதபடி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சாய்வாக நிறுத்தினேன். மூடி வியர்த்தால் தண்ணீர் ஓரமாக வழிந்து படுகைக்கே போய்விடும்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். படுகையையும் தண்ணீர் அளவையும் ஒரே நாளில் மாற்றிவிட்டேன். ஆகவே உப்பு எத்தனை பங்கு, என் கஞ்சத்தனம் எத்தனை பங்கு என்று இந்த நிகழ்வை வைத்துப் பிரித்துக் காட்ட முடியாது. என் எண்ணம், இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன என்பது. கழுவிய பித்தில் நன்றாக நனைத்து வைத்திருந்தால் வெர்மிகுலைட் தேவைப்பட்டிருக்காது என்றும் நினைக்கிறேன்.

நோட்டின் மீதி:

14-ஆம் நாள்: 23.1, 22.4.
21-ஆம் நாள்: 25.0, 24.1.
35-ஆம் நாள்: 27.9, 26.8.
49-ஆம் நாள்: 28.3, 27.4.

ஒடுக்குகள் ஐந்தாறு நாளில் ஒவ்வொன்றாக எழும்பின. பதினெட்டாம் நாள் பார்த்தபோது எல்லாம் புடைத்து, பால் வெள்ளையில் பளபளத்தன. அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சந்தோஷத்தில் மூடியைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன், அப்புறம் அதுவே ஈரத்தைக் கெடுக்கும் என்று உறைத்து மூடினேன். அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறைதான் திறப்பு. டப்பாவின் எடை எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தண்ணீரை, வெதுவெதுப்பாக, ஊசியில்லாத சிரிஞ்சால் ஓரத்தில் மட்டும் விட்டேன். முட்டைமேல் ஒரு துளியும் படவில்லை. ஈரமானியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

ஐம்பத்தோராம் நாள் மறுபடி ஒடுக்கு. இந்த முறை எல்லா முட்டைகளிலும். கை தானாகவே சிரிஞ்சைத் தேடியது. ஆனால் தராசு வேறு சொன்னது: எடை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது, படுகையும் நல்ல பதம். பொரிப்புக்குச் சில நாள் முன்பு தோல் மெலிந்து தளரும், முட்டை தொய்ந்து ஒடுங்கும். அது இயல்பு. எட்டாம் நாள் ஒடுக்கும் ஐம்பத்தோராம் நாள் ஒடுக்கும் கண்ணுக்கு ஒன்றுபோலவேதான் இருந்தன. எடை எழுதிய நோட்டு மட்டும் இல்லாவிட்டால் மறுபடி ஸ்பிரே அடித்திருப்பேன்.

54-ஆம் நாள் விடியற்காலை, தனி முட்டை ஒன்றின் மேல்பக்கம் பிளேடால் கீறியது போல இரண்டு கோடுகள். மூக்கு நுனியில் இருக்கும் முட்டைப் பல்லால் குஞ்சு கிழித்தது. கீறல் வழியே கோழை போன்ற திரவம் வடிந்து, அதில் ஒரு குமிழி எழும்பி உடைந்தது. மத்தியானம் ஒரு மூக்கு வெளியே வந்தது. பிறகு கண். தலைக்குப் பொருந்தாத பெரிய, வட்டமான கண், உதட்டில் வரிசையாகக் கறுப்புக் கோடுகள். சாரையேதான். என்னைப் பார்த்ததும் சடக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. இப்படித் தலையை நீட்டுவதும் இழுப்பதுமாக ஒன்றரை நாள் போயிற்று. அந்த நேரத்தில் மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கும். உதவுகிறேன் என்று இழுத்தால் அது வெளியே கிழிந்துவிடும். யாரையும் பக்கத்தில் விடவில்லை.

57-ஆம் நாள் சாயங்காலத்துக்குள் ஒன்பது குஞ்சுகள். ஒவ்வொன்றும் ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதல், முதல் நாளிலிருந்தே சீறி, கையைக் கடிக்கப் பார்த்தன. பத்தாவது முட்டை கீறவே இல்லை. இரண்டு நாள் பொறுத்துத் திறந்தபோது முழுசாக வளர்ந்த குஞ்சு உள்ளே செத்திருந்தது, மஞ்சள் கரு கெட்டியாகக் களி போலச் சுற்றிலும். எட்டாம் நாள் ஒடுங்கிய நாலில், எழும்பக் கடைசியாக நாள் எடுத்தது அந்த முட்டைதான். அந்தப் பத்து நாள் காய்ந்ததுதான் அதைக் கொன்றது என்று நான் நினைக்கிறேன்.

ஒன்பது நாளில் முதல் சட்டை உரித்தன. வனத்துறையினர் வந்து எண்ணிப் பார்த்தபின், ஆடிக் காற்று தென்னந்தோப்பை உலுக்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், மில்லுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்துக் கற்குவியலில் விட்டோம். பித் காயவைக்கும் அக்காவும் வந்திருந்தார். ஒரு குஞ்சு மட்டும் கல்மேல் ஏறி, தலையை உயர்த்தி, நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் இடுக்குக்குள் இறங்கியது.

"எலி புடிக்கப் பழகிக்குமுங்களா?" என்றார் அக்கா. முதலில் தவளை, ஓணான் குட்டி என்று பிடிக்கும், வளர்ந்ததும் எலிதான் என்றேன்.

மில்லில் இப்போது புதிய மட்டைக் குவியலின் வடக்கு மூலையைச் சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் ஜேசிபி தொடுவதில்லை. அடையாளத்துக்கு அந்த அக்காவே இரண்டு செங்கல்லில் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார்.